மண்ணில் பிறக்கும் நோயும் பலர் கூடிச் செய்யும் ஆய்வும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விழா நிகழும் இந்த மலைத்தொடரிலேயே காவலூர் இருக்கிறது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் இரவு, காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி துலாம் இராசியில் இருந்த ஒரு மங்கலான விண்மீனை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. யுரேனசுக் கோள் அவ்விண்மீனை மறைக்கவிருந்தது. மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டது. அதைப் பதிவு செய்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் அவருடன் இருந்த குப்புசாமியும் யுரேனசுக்குப் புதியதொரு துணைக்கோள் இருப்பதாகக் கருதி, அவ்வாறே அறிவித்தனர். ஓர் இடத்திலிருந்து மட்டும் பார்த்தவர்க்கு வேறு முடிவு தோன்ற வழியில்லை. அதே வேளையில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பறந்த குய்ப்பர் வானூர்தி ஆய்வகத்தில் ஜேம்சு எலியட்டும் அவர் குழுவினரும் மறைப்புக்கு முன்னும் பின்னும் அதுபோன்ற ஒளிக்குறைவுகளை ஒத்த இடைவெளிகளில் கண்டிருந்தனர். பெர்த், நைனித்தால், கேப்டவுன் முதலிய இடங்களின் பதிவுகளும் வந்து சேர்ந்தன. யாவற்றையும் காலக்கணக்கில் வரிசைப்படுத்தி ஒப்பிட்டபோது தெரிந்தது துணைக்கோள் அன்று. யுரேனசைச் சூழ்ந்த வளையங்கள். காவலூரின் பதிவு பொய்யாகவில்லை. அது ஒரு பெரிய செய்தியின் ஒரு துண்டாக இருந்தது, அவ்வளவே.

இலக்கியம் பயில்வோர்க்கு இது புதிதன்று. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் திரட்டி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றில் தேடி, பாடம் ஒப்பிட்டுத்தான் உருக்கொடுத்தார். ஓர் ஏட்டில் இராமபாணப் பூச்சி தின்ற எழுத்து மற்றோர் ஏட்டில் பிழைத்திருக்கும். அப்பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இம்மலையை அடுத்த செங்கத்து நன்னனையும், இம்மலையில் தோன்றும் சேயாற்றையும் பாடுவது என்பதை இவ்வவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மலைவழி நடக்கும் கூத்தர்க்கு வழியின் இடர்களைச் சொல்லிச் சொல்லி எச்சரிக்கும் நூல் அது. வெறுங்காலுடன் மலையில் நடப்பவனுக்கு வரும் இடர்களுள் ஒன்றைப் பற்றியதே இவ்வுரையின் பெரும்பகுதி.

காலில் முள் தைக்கிறது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு உழவன் தன் வேலையைப் பார்க்கிறான். முள்ளோடு உட்சென்ற மண்ணில் ஒரு பூசணம் இருந்தால், மாதங்கள் சில கழித்து அவ்விடத்தில் சிறு கட்டி எழுகிறது. வலி இல்லை, ஆகவே மருத்துவரிடம் போவதும் இல்லை. ஆண்டுகள் செல்லப் பாதம் வீங்கி, புரைகள் பல திறந்து, கருமணிகளோ வெண்மணிகளோ கசிகின்றன. பிறகு எலும்பையே அரிக்கிறது. மருத்துவமனைக்கு வரும்போது காலை எடுப்பது தவிர வேறு வழியில்லை என்னும் நிலை பலர்க்கு.

1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயை எழுத்தில் பதிந்தார். 1846இல் கோல்புரூக் என்பார் இதற்கு ‘மதுரைப் பாதம்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் மருத்துவ நூல்களில் அப்பெயர் நின்றுவிட்டது. 1860இல் பம்பாயில் இருந்த என்றி வான்டைக் கார்ட்டர், இது பூசணத்தால் விளைவது என்று எழுதி, ‘மைசெட்டோமா’ என்னும் பெயரைத் தந்தார். யார் இந்தக் கார்ட்டர்? 1858இல் வெளிவந்து, இன்றளவும் மருத்துவ மாணவர் கையில் திகழும் கிரே என்பவரின் உடற்கூற்றியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவரே இவர். நூலில் கிரேயின் பெயர் நிலைத்தது. வரைந்தவர் பெயரை அறிந்தோர் சிலர். வடித்த கையை மறந்து பெயர் பொறித்தவரைப் போற்றும் வழக்கம் கல்வெட்டுலகில் மட்டும் உள்ளது அன்று போலும். 1874இல் கார்ட்டர் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் தலைப்பு இதனை ‘இந்தியாவின் பூசண நோய்’ என்றே சுட்டுகிறது.

பின்னாளில் இந்நோய் இரு வகைப்படும் என்பது தெளிந்தது. ஒன்று பூசணத்தால் வருவது. மற்றது பாக்டீரியாவால் வருவது. பூசணத்தின் பேரினத்துக்கு ‘மதுரெல்லா’ என்று பெயர். பாக்டீரியாவின் பேரினத்துக்கு ‘ஆக்டினோமதுரா’ என்று பெயர். இரண்டிலும் மதுரை இருக்கிறது. சங்கம் வளர்த்த நகருக்கு உயிரியல் நூல்களில் வாய்த்த இடம் இது! இதைக் கண்டு வருந்துவதா, பெயரிடுவோர் பொறுப்பை எண்ணிப் பார்ப்பதா என்பது கவிஞர்கள் முடிவு. நோய்க்கு ஊர்ப்பெயர் இடலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வழிமுறை வகுத்தது. மதுரைக்கு அது நூற்றறுபத்தொன்பது ஆண்டு தாமதம்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. பூஞ்சை, பூஞ்சணம், பூசணம், காளான் என்று பல சொற்கள் வழங்குகின்றன. பாடநூல்கள் பூஞ்சை என்கின்றன. வீட்டில், ஊறுகாய்ச் சாடியைத் திறந்த பெண்மணி ‘பூசணம் பூத்துவிட்டது’ என்கிறார். அழுகலின் மீது எழுவதையும் ‘பூத்தது’ என்று சொல்லும் மொழி இது. இவ்வுரை வீட்டுச் சொல்லையே மேற்கொள்கிறது.

பெரியம்மைக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் தட்டம்மைக்கும் தடுப்பூசி கண்ட உலகில், மனிதரைத் தாக்கும் பூசண நோய் ஒன்றுக்குக்கூட அனுமதி பெற்ற தடுப்பூசி இன்று இல்லை. ஏன்? பாக்டீரியாவும் வைரசும் மனித உயிரணுவிலிருந்து பெரிதும் வேறுபட்டவை. பூசணமோ உறவுமுறையில் நெருங்கியது. அதன் உயிரணுவிலும் மனித உயிரணுவைப் போலவே உட்கரு உண்டு. அதைக் கொல்லும் மருந்து நோயாளியையும் சற்றுத் தீண்டுகிறது. ஆகவேதான் பூசண மருந்துகள் எண்ணிக்கையில் சில. தடுப்பூசி பலவும் குருதியில் எதிர்ப்பொருளை எழுப்பி வேலை செய்பவை. பூசணத்தை வெல்வதற்கு எதிர்ப்பொருள் மட்டும் போதுவதில்லை. வெள்ளணுக்களுள் ‘டி’ அணுக்கள் எனப்படுபவை பயிற்சி பெற வேண்டும். அவற்றை அளப்பதும் எழுப்புவதும் கடினம். இன்னொரு முரணும் உண்டு. பூசணம் மிகக் கொடுமையாகத் தாக்குவது எதிர்ப்பாற்றல் குன்றியவரை. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடத்தில் தடுப்பூசி சரிவர வேலை செய்வதில்லை. 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து வந்த ‘கருப்புப் பூஞ்சை’ இதை நாடறியக் காட்டியது. அவ்வாண்டு சூலைக்குள் இந்தியாவில் 45,000 பேருக்கு மேல் அதற்கு ஆளாயினர் என்று அரசு தெரிவித்தது. சர்க்கரை நோயும், உயிர்காக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் பூசணத்துக்கு வழி திறந்துவிட்டன.

கடைசித் தடை பணம். பூசண நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள். அல்லது குறிப்பிட்டதொரு நிலப்பகுதியில் மட்டும் வாழ்பவர்கள். மருந்துக் குழுமங்களின் கணக்கில் இவர்கள் சந்தையாக மாட்டார்கள். ஆகவே இவ்வாய்வைச் செய்யப் பல்கலைக்கழகங்கள் கூட வேண்டியிருக்கிறது. ஒருவர் அவற்றைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வாறு கூட்டப்பட்ட முயற்சிகளுள் அறியத்தக்கது அமெரிக்காவின் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ பற்றியது. 1892இல் புவனோசு அயர்சில் மாணவராய் இருந்த அலெகாந்திரோ பொசாதாசு என்பவர் ஒரு படைவீரனிடத்தில் இந்நோயை முதன்முதலில் கண்டார். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கிலும் அரிசோனாவிலும் வறண்ட மண்ணில் வாழும் ஒரு பூசணம் புழுதியோடு மூச்சில் புகுந்து நுரையீரலைப் பற்றுகிறது. பலர் சளிக்காய்ச்சல் என்று எண்ணிக் கடந்துவிடுவர். சிலர்க்கு அது எலும்புக்கும் மூளையுறைக்கும் பரவி உயிரைக் கேட்கும். ஒருமுறை வந்து தேறியவர்க்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. இந்த ஒரு செய்திதான் தடுப்பூசி கூடும் என்னும் நம்பிக்கையின் வேர். இயற்கை செய்ததை மருத்துவம் செய்ய முடியாதா?

செய்து பார்த்தனர். பூசணத்தின் உருண்டை வடிவத்தைப் பார்மாலினில் கொன்று தடுப்பூசி ஆக்கினர். எலியும் குரங்கும் காப்புப் பெற்றன. 1980 முதல் 1985 வரை 2,867 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. டேவிசு வளாகத்தைச் சேர்ந்த டெமாஸ்தனிசு பப்பஜியானிசு அதை முன்னின்று நடத்தினார். முடிவு 1993இல் வெளியாயிற்று. ஊசி போட்டுக்கொண்டவர்க்கும் போடாதவர்க்கும் நோய் வந்ததில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கி வலித்ததால் எலிக்குக் கொடுத்த விகிதத்தில் மனிதர்க்குக் கொடுக்க முடியாமற் போயிற்று என்பது ஒரு காரணம்.

இத்தகைய தோல்விக்குத் தமிழ்நாட்டிலேயே பெருஞ்சான்று உண்டு. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு ஏறத்தாழ 2,60,000 மக்களை உள்ளடக்கியது. காசநோய்த் தடுப்பூசி ஆய்வுகளுள் உலகிலேயே மிகப் பெரியது என்று எண்ணப்படுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக நலவாழ்வு நிறுவனமும் அமெரிக்கப் பொது நலவாழ்வுத் துறையும் கூடி நடத்தின. பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. பதினைந்து ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவர்கள் அம்முடிவை மறைக்காமல் வெளியிட்டனர். வெற்றிச் செய்தியை எதிர்பார்த்துக் காத்திருந்த உலகத்திடம் ‘பயனில்லை’ என்று அச்சில் சொல்வதற்கு ஓர் உறுதி வேண்டும். அந்த உறுதியைப் பாடிய கவிதை தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

கலிபோர்னியாவுக்குத் திரும்புவோம். 1993இன் ஏமாற்றத்துக்குப் பின் நோய் நிலத்தில் வாழ்ந்த பொதுமக்களே எழுந்தனர். பேக்கர்சுபீல்டு நகரத்து ரோட்டரிச் சங்கத்தார் பணம் திரட்டினர். மாநில அரசையும் நெருக்கினர். 1997இல் பள்ளத்தாக்குக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் உருவாயிற்று. கலிபோர்னியா, அரிசோனா, டெக்சாசு, ஒகையோ என்னும் மாநிலங்களின் ஆய்வுக்கூடங்கள் அதில் இணைந்தன. நிதியைக் கையாண்டது பேக்கர்சுபீல்டுப் பல்கலைக்கழகம்.

இங்கேதான் ஒருங்கிணைப்பாளர் என்பவரின் வேலை தொடங்குகிறது. அவ்வேலை வெளியில் தெரிவதில்லை. ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றும் தான் கண்ட புரதமே சிறந்தது என்று நம்புகிறது. நம்பாமல் ஒருவர் இருபது ஆண்டு ஒரு புரதத்தோடு வாழ முடியாது. ஆனால் ஒரு கூடம் ஓர் இன எலியைப் பயன்படுத்துகிறது. மற்றது வேறு இனத்தை. ஒருவர் ஐம்பது வித்துகளை மூக்கில் செலுத்துகிறார். மற்றவர் வயிற்றில் ஊசியாகப் போடுகிறார். இருவரும் ‘எண்பது விழுக்காடு எலிகள் பிழைத்தன’ என்று எழுதினால் அவ்விரு எண்பதும் ஒன்றல்ல. ஒரே எலியினம், ஒரே பூசண வகை, ஒரே அளவு, ஒரே நாட்கணக்கு என்று முதலில் உடன்பட வைக்க வேண்டும். தத்தம் ஊசியைத் தாமே மதிப்பிடாமல், போட்டியில் இல்லாத மூன்றாம் கூடம் ஒன்று, எது யாருடையது என்று அறியாமல் சோதிக்க வேண்டும். பிறகு வருவது இன்னும் கடினம்: ‘உம்முடையது தேறவில்லை’ என்று ஒரு பெரியவரிடம் சொல்லி, அவர் கூட்டத்தைவிட்டு எழுந்து போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கவியரங்கத்துக்குத் தலைமை ஏற்றவர்கள் இதை விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

பூசணமே ஒரு தொல்லை. அதன் வித்து காற்றில் பறப்பது, ஆய்வாளரையே பற்றிக்கொள்வது. உயர்காப்பு ஆய்வுக்கூடங்களில் மட்டுமே அதைக் கையாளலாம். கொள்ளைநோய்க் கருவியாகக்கூடியவை என்று அமெரிக்க அரசு வகுத்த பட்டியலில் 2012 வரை அது இருந்ததால், ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்கு ஒரு குப்பியை அனுப்புவதும் அனுமதித்தாள்களின் வேலையாயிற்று.

திட்டத்தார் இரு புரதங்களை ஒட்டி ஒன்றாக்கிய ஊசியைத் தேர்ந்தனர். அது மனிதச் சோதனையை எட்டவில்லை. திட்டத்தில் பங்குகொண்ட அரிசோனாவிலிருந்தே பின்னர் வேறொரு வழி வந்தது. வந்த விதம் வியப்புக்குரியது. மக்காச்சோளத்தின் இலையைக் கருகச் செய்யும் ஒரு பூசணத்தை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாவர நோயியலார், ‘சி.பி.எஸ்.1’ என்னும் மரபணுவை நீக்கினால் அப்பூசணம் நோய் உண்டாக்கும் வலிமையை இழக்கிறது எனக் கண்டனர். அதே மரபணு பள்ளத்தாக்குக் காய்ச்சல் பூசணத்திலும் இருந்தது. அரிசோனாவின் மார்க் ஆர்பாக், ஜான் கால்ஜியானி முதலியோர் அதை நீக்கிப் பார்த்தனர். பூசணம் உயிரோடு இருந்தது, நோய் செய்யவில்லை, எலியைக் காத்தது. 2016இல் இது வெளியாயிற்று. அம்மண்ணில் மோப்பம் பிடித்துத் திரியும் நாய்களும் இந்நோய்க்கு மிகுதியாக ஆளாவதால் நாய்களிடம் சோதித்தனர். இரு தவணை பெற்ற நாய்கள் நன்கு காப்புப் பெற்றதாக 2021இல் அறிவித்தனர். சோளக் கொல்லையில் கிடைத்த சாவி மருத்துவமனைப் பூட்டில் பொருந்தியது. வேளாண் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றன் ஏட்டை ஒன்று படிக்காத நாட்டில் இது நிகழ்ந்திராது.

வேறு முயற்சிகளையும் ஓரிரு சொற்களில் குறிக்கலாம். கேண்டிடா என்னும் பூசணத்தால் மீண்டும் மீண்டும் துன்புறும் பெண்கள் 188 பேரிடம் சோதித்த ஓர் ஊசி, நாற்பது அகவைக்குட்பட்டோரிடம் பயன் தருவதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. ஒரே ஊசியால் மூவகைப் பூசணத்தைத் தடுக்கும் முயற்சி சார்சியாப் பல்கலைக்கழகத்தில் காரன் நாரிசு தலைமையில் நடக்கிறது. எலியிலும் குரங்கிலும் கண்ட பயனை 2022இல் வெளியிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் உலக நலவாழ்வு நிறுவனம் கவனத்துக்குரிய 19 பூசணங்களின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. மதுரைப் பாதத்தை உண்டாக்கும் பூசணங்கள் அதில் இரண்டாம் படிநிலையில் வைக்கப்பட்டன.

பட்டியலில் இடம்பெற்றது போதுமா? மதுரைப் பாதத்துக்கு இன்று தடுப்பூசி இல்லை. பாக்டீரிய வகையாயின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் பெரும்பாலும் குணமாகிறது. பூசண வகையாயின் ஓராண்டும் அதற்கு மேலும் நாள்தோறும் மாத்திரை; பிறகு அறுவை. 2016இல்தான் இது புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. பெயர் கொடுத்தது மதுரை. இதை ஆராய்வதற்கென்றே ஒரு நடுவம் எழுந்தது சூடானின் கார்ட்டூம் நகரில், 1991இல், அகமது பஹால் என்னும் அறுவை மருத்துவரின் உழைப்பால். ஆப்பிரிக்க ஏழை உழவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்தனர். இந்நோய்க்கான மருந்துகளை முறைப்படி ஒப்பிட்ட முதல் ஆய்வு 104 நோயாளிகளோடு அங்கேதான் நடந்தது. சப்பானில் நகப்பூசணத்துக்கென உருவான ஒரு மருந்தை வாரம் ஒருமுறை கொடுத்தாலே நாள்தோறும் கொடுக்கும் பழைய மருந்துக்கு ஈடாகும் என்று அது காட்டியது. வாரம் ஒரு வேளை என்பது காட்டூரிலிருந்து நடந்து வருபவனுக்கு எத்தகைய விடுதலை என்பதை இம்மலையில் விளக்க வேண்டியதில்லை.

2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. நடுவம் அழிந்தது என்றும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரட்டிய பதிவுகளும் உயிர்மாதிரிகளும் போயின என்றும் 2025இல் பஹால் அறிவித்தார். நோயாளியின் காலிலிருந்து எடுத்து, உறைநிலையில் காத்து, ஊரும் பெயரும் ஆண்டும் எழுதி அடுக்கிய குப்பிகள்! தடுப்பூசிக்கு எந்தப் புரதத்தைத் தேர்வது என்று என்றேனும் ஒருவர் தேட முற்பட்டால் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுவே. ஓலைச்சுவடி ஆற்றில் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இவ்விழப்பின் அளவு தெரியும். ஏடுகளைப் படியெடுத்துப் பல மடங்களில் வைத்திருந்ததால் சில நூல்கள் பிழைத்தன. பல நிறுவனங்கள் கூடும் திட்டம் என்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று. ஒன்று எரிந்தாலும் மற்றொன்றில் படி இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆற்றல் இல்லாமல் இல்லை. கதிர் அறுக்கும்போது நெல்லின் தாள் கண்ணில் கீறிப் பூசணம் புகுந்து பார்வை இழப்போர் தென்னாட்டில் மிகுதி. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிசுகோவின் புராக்டர் நிறுவனமும் சேர்ந்து இதற்கான மருந்தாய்வு ஒன்றை நடத்தின. பழைய சொட்டு மருந்தாகிய நேட்டாமைசினா, புதியதும் விலை மிக்கதுமான வோரிகோனசோலா என்பது கேள்வி. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 323 பேர் சேர்ந்த நிலையில், வேறுபாடு தெளிவாகிவிட்டதென்று கண்காணிப்புக் குழு சேர்க்கையை நிறுத்தியது. 2013இல் வெளியான முடிவு: பழைய மருந்தே மேல். புதியதே சிறந்தது என்று எண்ணிக் கடன் வாங்கி மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேரோ! அடுத்த ஆய்வு நேபாளத்து மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டு 240 பேரிடம் நடந்தது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை சான்று இம்மலையின் அடிவாரத்திலேயே உள்ளது. 1980களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் மகராஜ் கிஷன் பான் குழுவினர், ரோட்டா வைரசு தொற்றியும் நோயுறாத பச்சிளங் குழந்தைகளைக் கண்டனர். அவ்வைரசையே தடுப்பு மருந்தாக வளர்க்க முப்பது ஆண்டளவு சென்றது. மைய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை, ஐதராபாத்து நிறுவனம் ஒன்று, அமெரிக்க ஆய்வகங்கள், அறக்கட்டளைகள் என்று பலர் கைகோத்தனர். இறுதிச் சோதனை 2011இல் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் தொடங்கியது. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் நடத்தினர். ரோட்டா வைரசால் வரும் கடும் வயிற்றுப்போக்கை மருந்து ஏறத்தாழ 54 விழுக்காடு தடுத்தது. 2014இல் அனுமதி பெற்று 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. மூன்று ஊர், மூன்று மொழி, ஒரே படிவம். ‘வயிற்றுப்போக்கு’ என்பது ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது முதற்கொண்டு மூன்று இடத்திலும் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. குழந்தை அழுதால் எங்கே ஓடுவது என்று தாய்க்குத் தெரிந்திருந்தது.

அந்த 6,799 குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு வெற்று மருந்துதான் கொடுக்கப்பட்டது. ஒப்பிடுவதற்கு அது தேவை. பெற்றோரிடம் இதைச் சொல்லி, அவர்கள் ஒப்பிய பிறகே சேர்க்க வேண்டும் என்பது விதி. இங்குதான் இவ்வவையின் உதவி தேவைப்படுகிறது.

இசைவுப் படிவம் என்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்க்கப்படுவது. சரிபார்ப்பவர் சொல்லுக்குச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். கேட்பவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பவர் வேறொருவர் ஆக வேண்டும். வெற்று மருந்தைக் கலைச்சொல் அகராதிகள் ‘மருந்துப்போலி’ என்கின்றன. ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் ஒரு மலையாளிப் பெண்ணிடம், ‘உன் பிள்ளைக்கு மருந்தோ மருந்துப்போலியோ கொடுக்கப்படும்’ என்று வாசித்துக் காட்டினால் அவர் காதில் விழுவது எது? போலி. போலி மருந்து, போலி மருத்துவர் என்று செய்தித்தாளில் வரும் அதே போலி. எந்தத் தாய் கைநாட்டு வைப்பாள்? ‘வெற்று மருந்து’ என்றால், மருந்து தீர்ந்த வெறும் குப்பியோ என்று கேட்கலாம். ‘சும்மா மருந்து’ என்று களப்பணியாளர் வாய்மொழியாகச் சொன்னால் புரிகிறது. ஆனால் நெறிமுறைக் குழு அதைப் படிவத்தில் ஏற்காது. ‘சீட்டுக் குலுக்கல் முறையில்’ என்பதும் அப்படியே. பரிசு விழுமோ என்று தோன்றும்.

பூசணத் தடுப்பூசி ஒன்று இந்நாட்டில் மனிதச் சோதனைக்கு வரும் நாளில், அதற்கு ஆட்கள் நகரங்களில் தேடப்பட மாட்டார்கள். முள் தைக்கும் நிலத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களிடம்தான் வருவார்கள். அவர்களிடம் வாசிக்கப்படும் நான்கு பக்கத் தாளில் ‘பிளாசிபோ’வுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், ஏமாற்று என்று தோன்றாததாய், பொய்யும் சொல்லாததாய், ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் சொன்னால் விளங்குவதாய். இருக்கும் மூன்று சொற்களும் போதவில்லை. வட்டத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் ஆளுக்கொரு சொல் கொண்டுவரலாம். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மலைக் கிராமத்துச் செவிலியர் இருவரிடமும், பிள்ளை பெற்ற தாய்மார் சிலரிடமும் விட்டுவிடலாம்.